நடுவில் நிற்பவனின் கால்

1

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். முதலில் அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மரக்காணத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பிழை கண்ணில் பட்டால் திருத்திக்கொண்டு படிக்கவும். காகிதமும் ஒரு காரணம். இது என் மகள் விட்டுப்போன காகிதம். ஐந்தைந்து கோடாகப் போட்டிருக்கிறது. சங்கீதம் எழுதுவதற்காம். எந்தக் கோட்டின் மேல் எழுதுவது என்று தெரியாமல் என் எழுத்து ஏறி இறங்குகிறது.

ஊரில் பொங்கல் மலர் போடுகிற குமார் என் பெரியப்பாவின் பேரன். ஐப்பசி மாதமே போனில் கேட்டான்.

"சித்தப்பா, ஃப்ரான்ஸ் வாழ்க்கைய பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. முக்கியமா அனிதாக்காவ பத்தி. காலேஜுல மியூசிக்குதான சொல்லிக் குடுக்குது? நம்ம உப்பளத்துப் புள்ளைங்க படிச்சா ஒரு ஊக்கமா இருக்கும்."

"எனக்கு எழுத வராதுப்பா."

"அப்ப பேசி அனுப்புங்க. நான் எழுதிக்கறேன்."

பேசுவது எனக்கு எழுதுவதைவிடக் கஷ்டம். அதனால் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மலர் இந்நேரம் வந்திருக்கும். நான் தாமதமாகிவிட்டேன். ஏன் தாமதம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். இது ஊக்கமாக இருக்குமா என்று தெரியவில்லை, குமார். நீயே படித்துப் பார்த்து முடிவு செய்துகொள்.

2

என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் பல வருடம் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மரக்காணத்தில் இருக்கும் என் அக்கா அஞ்சலை ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டு டீச்சராடா?"

"இல்லக்கா. அவ பாட மாட்டா."

"வாசிப்பாளா?"

"கொஞ்சம் பியானோ வாசிப்பா. ஆனா அது வேல இல்ல."

"பாடவும் மாட்டா, வாசிக்கவும் மாட்டா. அப்பறம் எதுக்குடா அவளுக்குச் சம்பளம் குடுக்கறானுங்க?"

பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் அவள் படம் போட்டு, கீழே அவள் என்ன பாடம் எடுக்கிறாள், எதில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று எழுதியிருக்கிறார்கள். போனில் அதைத் தமிழாக்கிப் பார்த்தேன். வந்தது தமிழ் எழுத்துதான், ஆனால் ஒரு வரிகூடப் புரியவில்லை. கடைசியில் அவளையே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில். அவள் தட்டை ஒதுக்கிவிட்டு ஆர்வமாகச் சொன்னாள்.

முதல் வருடத்துப் பிள்ளைகளுக்குக் காதைப் பழக்குகிறாள். இரண்டு சுரத்தை வாசிப்பாள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு தூரம் என்று அவர்கள் எழுத வேண்டும். இரண்டாம் வருடத்தில் நான்கு குரல்களைச் சேர்த்து நடத்துவது. ஒன்று மேலே ஏறும்போது இன்னொன்று இறங்க வேண்டும். ஒன்றின் காலை மற்றொன்று மிதிக்கக் கூடாது. இவையெல்லாம் எப்படிப் பொருந்துகின்றன, ஏன் பொருந்துகின்றன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் அவள் வேலை.

"அது பாடம். ஆராய்ச்சி வேறப்பா," என்றாள். "நெறைய பேரு சேந்து ஒரு வேல செய்யறாங்க. யாரும் கைய ஆட்டல, யாரும் எண்ணல, பாட்டும் இல்ல. ஆனாலும் எல்லாரும் ஒண்ணா செய்யறாங்க. எப்படி? அந்த நேரத்த யாரு வெச்சிருக்கா? அதான் என்னோடது."

படகுத் துடுப்பு, கூட்டத்தின் கைதட்டல், ஆலய மணி இழுப்பவர்கள் என்று பல இடத்தில் பதிவு செய்திருக்கிறாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நம்ம ஊர்ல பாத்தி மிதிக்கறதும்," என்றாள்.

அவள் "நம்ம ஊர்" என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. பிறந்தது இங்கே, வளர்ந்தது இங்கே. அவளுடைய தமிழ் பத்து வயதோடு நின்றுவிட்டது. அவள் அம்மா இறந்துபோன பிறகு அந்தத் தமிழைப் பேசுவதற்கும் நான் ஒருவன்தான். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறாள். வாரம் ஒரு போன். "சவா பா?" என்பாள், நல்லா இருக்கியா என்று. "சவா" என்பேன். அவ்வளவுதான். அதற்கு மேல் பேச எங்கள் இருவரிடமும் சொற்கள் இல்லை.

3

நான் இங்கே வந்த கதை பலருக்கும் தெரிந்த கதைதான். என் மாமனார் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அதனால் அவர் மகள் கலாவுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை. உப்பளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அவளை எப்படிக் கொடுத்தார்கள் என்று எங்கள் தெருவே வியந்தது. ஜாதகம் பொருந்தியது என்றார்கள். வேறு யாரும் கிடைக்கவில்லை என்று கலா சிரித்துக்கொண்டே சொல்வாள்.

வந்த நாளிலிருந்து ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். நல்ல வேலை. யாரிடமும் பேச வேண்டாம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் நின்றால் போதும். என்னைப் போலக் கூச்சப்படுகிறவனுக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஒரு மறைவு.

அலுவலகங்கள்தான் பயம். இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் விரல்ரேகை எடுக்கும் இயந்திரம் என் விரலைப் படிக்காது. சின்ன வயதில் உப்பு அரித்தது பாதி, இங்கே சோப்புத் தண்ணீர் அரித்தது பாதி. கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொல்வார்கள், துடைக்கச் சொல்வார்கள், மறுபடி வைக்கச் சொல்வார்கள். எனக்குப் பின்னால் வரிசை நீளும். ஒருதரம் அந்தப் பெண் தன் முகத்துக்குப் பூசும் களிம்பைக் கொடுத்து என் விரலில் தடவச் சொன்னாள். அப்போதும் வரவில்லை. ஏதோ எழுதி அனுப்பிவிட்டாள். "மெர்சி, சவா, சவா" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன்.

இந்த "சவா"தான் எனக்கு நன்றாக வரும் சொல். எதைக் கேட்டாலும் அதைச் சொன்னால் கேட்டவர்கள் விட்டுவிடுவார்கள்.

4

பாத்தி மிதிப்பது என்றால் என்ன என்று உப்பளம் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மழை முடிந்து, கழுவெளிச் சதுப்பில் நீர் வடிந்து, தை பிறந்ததும் பாத்திகளில் சேறு இளகிக் கிடக்கும். அதை அப்படியே விட்டு நீர் கட்டினால் உப்பில் மண் ஏறிவிடும். அதனால் ஆணும் பெண்ணுமாக வரிசையாக நின்று, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, தரை கல் போல ஆகும் வரை மிதிப்போம். நாள்கணக்கில் மிதிப்போம். பாட்டு கிடையாது. வாயைத் திறந்தால் மூச்சு வாங்கும். சேற்றில் கால் விழும் சத்தம் மட்டும்தான்.

போன வருடம் தை மாதம் அனிதா தனியாக மரக்காணம் போனாள். அக்கா வீட்டில் தங்கி, அக்கா போகிற வரிசையைப் படம் பிடித்து வந்தாள். அந்தச் சேற்றுச் சத்தத்தை அவள் கணினியில் கோடுகளாகப் பார்க்க முடியும். அதில் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. ஒரு கால் விழுவதற்கும் அடுத்த கால் விழுவதற்கும் இடைவெளி சமமாக இல்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. வரிசை முழுவதும் அப்படியே.

"அது தப்பா விழல. எல்லாரும் சேந்து ஒரே மாதிரி விழறாங்க. அப்ப அது அவங்களோட தாளம்தானப்பா?"

எனக்குத் தெரியவில்லை. மிதிக்கும்போது நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

"நீ தனியா மிதிச்சாலும் அதே மாதிரி விழுதான்னு பாக்கணும்," என்றாள்.

அதற்காக மே மாதம் அவளுடைய பல்கலைக்கழகத்துக்குப் போனேன். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஓர் அறை. நடுவில் ஒரு மரப் பலகை, அதன் கீழே வயர்கள். ஏழெட்டு மாணவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தாடி வைத்த ஒரு பையன் எனக்கு நாற்காலி போட்டான். நான் சாக்ஸைக் கழற்றினேன். இங்கே வந்த முப்பது வருடத்தில் வெளியாட்கள் முன் நான் வெறுங்காலோடு நின்றது அன்றுதான்.

"சும்மா மிதிப்பா. பாத்தின்னு நெனச்சுக்கோ."

மிதித்தேன். கை தானாக உயர்ந்து ஒரு தோளைத் தேடியது. தோள் இல்லை. கையைக் கீழே போட்டேன். பலகை சேறு போலக் காலை இழுத்துப் பிடிக்கவில்லை, விடவும் இல்லை. எப்போது காலை எடுப்பது என்றே தெரியவில்லை. வெட்கத்தில் வியர்த்துக் கொட்டியது. எல்லாம் கெட்டுப்போயிற்று, மகளை மாணவர்கள் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நிறுத்தினேன்.

அவள் கணினியிலிருந்து முகத்தைத் தூக்கினாள். அவள் அம்மா போன பிறகு அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

"அப்பா! அதேதாம்பா. நீளம், குட்ட. அதே மாதிரி. உன் காலுலயே இருக்குப்பா!"

மாணவர்கள் கைதட்டினார்கள். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். ரயிலில் திரும்பி வரும்போது என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிள்ளைக்கு நிலம் கொடுக்கிறவர்கள் உண்டு, நகை போடுகிறவர்கள் உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அவளுடைய படிப்புக்கு ஒன்று கொடுத்திருக்கிறேன். அன்று எனக்கு எவ்வளவு கர்வம் என்று இப்போது எழுதவே கூசுகிறது.

அவள் அதைக் கட்டுரையாக எழுதினாள். அவளுடையது நிரந்தர வேலை இல்லை. வரும் ஆடிக்குள் முடிந்துவிடும் ஒப்பந்தம். இந்தக் கட்டுரையை வைத்துத்தான் நிரந்தர இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

5

நவம்பரில் என் வலது பூட்ஸுக்குள் ஏதோ உலோகச் சில்லு விழுந்திருக்கிறது. டின் மூடியின் ஓரமாக இருக்கலாம். எத்தனை நாள் அதன் மேல் நின்றேன் என்று தெரியாது. சாக்ஸ் சிவப்பாக இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. வலி இல்லை. சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனால் வலி இல்லாதது எனக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டது.

உப்பளத்தில் கால் புண்ணுக்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. புண்ணோடு பாத்தியில் இறங்குவோம். முதலில் உயிர் போகிற மாதிரி எரியும். அந்த எரிச்சல் வந்தால் புண் ஆறப் போகிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட அப்படித்தான் சொல்வார்கள், "எரியுதா? அப்ப சரியாப்பூடும்."

நானும் அதையே செய்தேன். ஒரு வாளியில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்பு போட்டு, காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எரியவில்லை. இந்த நாட்டு உப்பு சரியில்லை என்று நினைத்தேன். இன்னும் இரண்டு பிடி போட்டேன். எரியவில்லை. தண்ணீரில் சூடு பத்தவில்லை என்று கெட்டிலில் கொதிக்க வைத்து ஊற்றினேன். எரியும், எரியும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். காலை வெளியே எடுத்தபோது தோல் வாளியிலேயே தங்கிவிட்டது.

அப்போதும் வலிக்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது.

அன்று மாலை அனிதா போன் செய்தாள். "சவா பா?"

"சவா," என்றேன்.

6

வேலையிடத்தில் புண்ணின் நாற்றத்தைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இங்கே மொழி தெரியாதவர்களுக்குப் போனில் ஆள் வைத்து மொழிபெயர்ப்பார்கள். எனக்குக் கிடைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். போனில் குரல் மட்டும்.

"ஐயா, உங்கட காலில நோ இருக்கோ எண்டு டொக்டர் கேக்கிறார்."

"வலியா? இல்லீங்க."

"கொஞ்சமும் இல்லையோ?"

"கொஞ்சங்கூட இல்லீங்க."

அவர் அதை டாக்டருக்குச் சொன்னார். டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவாராம். தொடும்போதெல்லாம் நான் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, எப்போது தொடுவார் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லையே என்று நினைத்தேன்.

"முடிஞ்சுதாம் ஐயா," என்றது போன் குரல். "கண்ணைத் திறவுங்கோ."

மருந்து ஏற்றினார்கள். அறுத்துச் சுத்தம் செய்தார்கள். புதுச் சதை வளரவில்லை. கிருமி எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து, புது வருடமும் முடிந்தது. பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று போன வாரம் சொன்னார்கள். அன்று அனிதா பக்கத்தில் இருந்தாள். வகுப்புகளை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

டாக்டர் அவளிடம் பிரெஞ்சில் விளக்கினார். அவள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "நரம்பு இப்ப திடீர்னு சாகலையாம்பா. சாக ஆரம்பிச்சு ஒரு ரெண்டு வருஷம் இருக்குமாம். கொஞ்சம் கொஞ்சமா... நீ நடக்கும்போதே தெரிஞ்சிருக்கணுமாம். அடியில இருந்து தகவல் போகாததால அந்தக் காலு..."

அங்கே நிறுத்திவிட்டாள். டாக்டர் மீண்டும் ஏதோ சொன்னார். அவள் எனக்குச் சொல்லவில்லை.

"என்னாம்மா?"

"அந்தக் காலு எப்பவும் கொஞ்சம் லேட்டா விழுமாம்ப்பா."

டாக்டர் போன பிறகு பையிலிருந்து கணினியை எடுத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். மே மாதத்து என் கால். அவள் திரையில் கோடுகள் நகர்வதைப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் விரலை வைத்தாள். வலது கால். வலது கால். வலது கால்.

பிறகு அக்காவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"அத்த, போன வருஷம் நான் படம் புடிச்சேன்ல, அந்த வரிசைல யாருக்காச்சும் காலு சரியில்லையா?"

"ஏன் கண்ணு? நம்ம செல்வி இருந்தாளே, நடுவுல. இடுப்புல ஆப்ரேஷன் ஆனவ. வலது காலு இழுக்கும் அவளுக்கு."

"அவங்களுக்கு இழுத்தா மத்தவங்க ஏன் அத்த லேட்டா வெக்கறாங்க?"

"அதுக்குத்தானடி நடுவுல போடறது! ஓரத்துல போட்டா பின்னாடி தங்கிடுவா. நடுவுலன்னா ரெண்டு பக்கமும் தோளு கெடைக்கும். அவ காலு விழற வரைக்கும் நாங்க கால தூக்கி வெச்சிருப்போம். யாரு சொல்லுவா இதெல்லாம், தானா வர்றதுதான்." அக்கா சிரித்தாள். "உங்கப்பன கேளு. அவன் சின்னதுல மஞ்சக்காமால வந்து சருகாட்டம் இருந்தான். எங்கப்பா போயிட்டாரு, வீட்ல ஒக்காத்தி வெக்க முடியுமா? தையில இருந்து மாசி வரைக்கும் அவன் நடுவுலதான்."

நான் போன் பக்கம் குனிந்தேன். "நான் நல்லா மிதிக்கறேன்னு நடுவுல வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்க்கா."

"நீயா? ராஜா மாதிரி நிப்ப. நீ மிதிச்ச எடத்தை எல்லாம் நாங்க மறுபடியும் மிதிச்சோம்டா!" சிரித்து முடித்துவிட்டு, "ஏன்டா, காலு என்னாடா ஆச்சி? சொல்ல மாட்டேங்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. சின்ன புண்ணு."

"உப்புத் தண்ணி வையி."

அனிதா போனை அணைத்தாள்.

7

அன்று அவள் அழுதது என் காலுக்காகவா, அவள் கட்டுரைக்காகவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"போச்சுப்பா. அது தாளமே இல்ல. அங்க செல்விக்கா காலு. இங்க உங்காலு."

"யாருக்கும்மா தெரியப் போவுது? எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்."

"எனக்குத் தெரியும்லப்பா." கணினியை மூடி வைத்தாள். "எட்டு மாசமா உங்காலு செத்துட்டு இருக்கறத ஹெட்போன்ல கேட்டுட்டு இருந்திருக்கேன். காதப் பழக்கறதுதான் என் வேல. கிளாஸ்ல போட்டுக் காட்டினேன், கேளுங்க, எவ்ளோ அழகா தள்ளி விழுதுன்னு. ஒரு தடவ உனக்குப் போன் பண்ணி காலு எப்படிப்பா இருக்குன்னு கேக்கல. சவா பா, சவா பா."

"நானும் சவான்னுதானம்மா சொன்னேன்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிவிட்டாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. ஆடிக்குப் பிறகு அவளுக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. பாதிப் பாதத்தோடு ஈரத் தரையில் நிற்க என்னை விடுவார்களா என்றும் தெரியாது. நான் இருக்கும் வீடு லிஃப்ட் இல்லாத நான்காவது மாடி. இதையெல்லாம் இங்கே படுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஒன்றுக்கும் வழி தெரியவில்லை. அவள் படிப்புக்கு நான் கொடுத்தது ஒன்றே ஒன்று. அதுவும் என் வியாதியாக இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? கலா இருந்தால் அவளிடம் சொல்வேன். அவள் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

அனிதா என்ன வேலை செய்கிறாள் என்று நீ கேட்டாய், குமார். சேர்ந்து செய்கிறவர்களின் நேரத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று தேடுகிறாள். அந்த வரிசையில் அது செல்வியிடம் இருந்தது. அதற்கு முன் ஒரு தையில் எனக்கே தெரியாமல் என்னிடம் இருந்திருக்கிறது. அனிதாவிடம் இதைச் சொன்னால் அவள் அதை எழுதுவாளா என்று தெரியவில்லை. எழுதச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. இனி என்னிடமிருந்து எதையும் அவளுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

இன்று மத்தியானம் வந்தாள். நாளைக் காலையில் எடுக்கிறார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துணி சுற்றியிருந்ததால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"வாப்பா. மிதிக்கலாம்," என்றாள்.

"இங்கயா?"

"வராண்டால."

முன்பாதி தரையில் படாத ஒரு செருப்பு கொடுத்திருக்கிறார்கள். குதிகாலால்தான் நடக்க வேண்டும். வராண்டாவில் சக்கர நாற்காலியில் ஒரு கிழவரும், தேநீர் வண்டி தள்ளுகிற பெண்ணும் இருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் என் தோளில் கை போட்டாள். நான் அவள் தோளில் கை போட்டேன். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தூக்கியதற்குப் பிறகு நான் அவளை அப்படித் தொட்டதில்லை.

"போன எடும்மா. பதிவு பண்ணிக்கோ. நாளைக்கு இது இருக்காது."

"வேணாம்பா. பையில இருக்கட்டும்."

பக்கவாட்டில் நகர்ந்தோம். சுவர் ஓரமாக, ஜன்னல் வரைக்கும். வரிசை என்றால் இரண்டு பக்கமும் தோள் வேண்டும். இந்தப் பக்கம் அனிதா. அந்தப் பக்கம் மருந்துப் பை தொங்கும், சக்கரம் வைத்த இரும்புக் கம்பி. அதைத்தான் பிடித்துக்கொண்டேன். என் வலது கால் எப்போது தரையைத் தொடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டேன். அது தூக்கியபடியே நின்றது. தரைக்கு மேலே, விழாமல், காத்துக்கொண்டு. பிறகு இறங்கியது.

நர்ஸ் ஓடி வந்து இருவரையும் திட்டினாள். அனிதா அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

அவள் போன பிறகு இந்தக் காகிதத்தை எடுத்தேன். ஊரில் இன்றைக்குப் பாத்தியில் வரிசை இறங்கியிருக்கும்.

ஏழுமலை
ஜனவரி 22, வியாழக்கிழமை. அங்கே தை எட்டு.